கோட்டைமுனைப் போத்தல் அறை

சென்ற மாதம் ஒரு நாள் காலை தர்சிகா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பியர் தொழிற்சாலையின் சுவைக்குழுவை அவள்தான் நடத்துகிறாள். மூன்று வருடம் அடைத்து வைத்த கடும் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியரின் முதல் தொகுதியை அடுத்த கிழமை திறக்கப் போகிறார்களாம். அதற்கு முன் பழைய கோப்பை எடுத்துப் படித்திருக்கிறாள்.

“மிஸ், மூண்டு வருசம் எண்டு நீங்கதான் முடிவு எழுதியிருக்கிறீங்க. அதோட வின்சன்ட் சேர்ர கையெழுத்தில தனியா ஒரு தாள் கிடக்கு. அது என்னத்துக்கு எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் தெரியா. எடுத்துப் போடட்டா?”

“எடுக்காத,” என்றேன். “அத எடுத்தா மற்றத் தாள் ஒண்டையும் ஒருத்தரும் நம்பத் தேவையில்ல.”

ஏன் என்று கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். அப்படி எழுதத் தொடங்கியதுதான் இது.

என் ஊர் மட்டக்களப்புப் பக்கம் பழுகாமம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, சில புள்ளிகளால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டு, கொழும்புக்கு அருகே இருந்த அந்தத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்கு உதவியாளராகப் போனேன். முதல் இரண்டு வருடமும் கண்ணாடிக் குழாய் கழுவினேன், புளிப்பு அளந்தேன், அளந்ததைப் பதிந்தேன். ஊரில் அம்மா “பிள்ளைக்கு லெபோரட்டரியில வேல” என்று மட்டும் சொல்லுவா. என்ன லெபோரட்டரி என்று யாராவது கேட்டால் உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவா.

ஆய்வுகூடத்தின் தலைவர் வின்சன்ட் சேர். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். அவருடைய தகப்பன் கோட்டைமுனையில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். சேர் நெடிய மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை போடுவார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். பேனை மை மணக்கும் என்பதால் சுவைக்கும் அறைக்குள் பேனைக்கு இடமில்லை. நடைவழியின் அந்த முனையில் யாராவது தோடம்பழம் உரித்தால் இந்த முனையில் வேலையை நிறுத்திவிட்டு வந்து நிற்பார். திட்ட மாட்டார். பழம் முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஆள் பிறகு தொழிற்சாலைக்குத் தோடம்பழமே கொண்டுவர மாட்டார்.

வருடத்துக்கு ஒரு தடவை தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் முக்கோணப் பரிசோதனை வைப்பார். முகாமையாளரிலிருந்து தரை கூட்டுகிறவர் வரை யாருக்கும் விலக்கில்லை. மூன்று கறுப்பு கிளாஸ்கள் வரும். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். இப்படி எட்டுத் தட்டு. குருட்டுவாக்கில் சொன்னாலும் மூன்றில் ஒன்று சரிவரும் என்பதால் ஒரு தட்டை வைத்து அவர் எதையும் முடிவுசெய்ய மாட்டார்.

நான் எட்டையும் சரியாகச் சொன்னேன். அதுவரை என்னோடு ஆங்கிலத்திலேயே பேசி வந்தவர் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “ஒனக்கு எவடம் பிள்ளை?” என்று தமிழில் கேட்டார்.

“பழுகாமம் சேர்.”

“அப்ப நம்மட ஆள். நாளையிலருந்து பூ வெக்காத, தலைக்கு எண்ணெய் வெக்காத, பவுடர் பூசாத. பதினொரு மணிக்குச் சுவைக்க வா.”

முப்பத்திரண்டு வருடம் வேலைநாளில் நான் பூ வைத்ததில்லை. கலியாணம் பேசி வந்தவரிடம் என் வேலை என்னவென்று நானே நேரில் சொன்னேன். “வெறிக்குமா?” என்று மட்டும் கேட்டார். ஒரு கிளாசில் இரண்டு வாய்தான், அடிநாக்கில் கசப்புத் தெரிய வேண்டும் என்பதால் விழுங்க வேண்டும், முக்கோணச் சோதனை நாள் தவிர ஒரு நாளைக்கு ஆறு கிளாசுக்கு மேல் கிடையாது என்றேன். “அப்ப சரி” என்றார். இன்றுவரைக்கும் சுவைத்துப் பதிவதற்கு வெளியே ஒரு கிளாஸ் பியர் நான் குடித்ததில்லை. குடித்தாலும் பிழையில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குழுவில் சேர்ந்த புதிதில் எனக்குப் பெரும் கரைச்சல் தந்தது சொற்கள்தான். சுவையைப் பதியும் தாள் வெளிநாட்டில் அச்சடித்தது. கடும் ஸ்டவுட் பழசானால் வரும் வாசங்களுக்கு அதில் இருந்த பெயர்களில் பாதியை நான் கண்ணாலும் கண்டதில்லை. தெரியாத பழத்தின் பெயருக்கு நேரே எப்படிப் புள்ளடி போடுவது? ஒரு நாள் ஓரத்தில் பென்சிலால் ‘போன வருடத்துப் புளி’ என்று எழுதிவிட்டேன். சேர் கூப்பிட்டார். திட்டு விழப்போகிறது என்று போனேன்.

“போன வருசப் புளிக்கும் இந்த வருசப் புளிக்கும் என்ன வித்தியாசம்?”

சொன்னேன்.

“சொன்னாக் காணா. ரெண்டையும் கொண்டா. நீ எழுதிற ஒவ்வொரு சொல்லும் ஒரு போத்தலுக்குள்ள இரிக்க வேணும். மற்றவனும் திறந்து மணந்து பாத்து ஓம் எண்டு சொல்ல வேணும். இல்லாட்டி அது சொல்லில்ல, கத.”

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கறுத்த புளி, புதுப் புளி, பனங்கட்டி, வறுத்த அரிசிமா, அடிப்பிடித்த சோறு, முந்திரிகைப்பழ வத்தல், மழையில் நனைந்து புழுங்கிய சாக்கில் ஒரு துண்டு எல்லாம் கட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனா. ஆறு வருடத்தில் நாற்பது மூடிபோட்ட சிறு போத்தல்கள் ஆயின. தொழிற்சாலையின் சுவைப்பதிவுத் தாள் மூன்று மொழியிலும் மாறியது. அந்தத் தமிழ்ச் சொற்கள் என்னுடையவை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

சேர் ஓய்வுபெற்றதும் மனைவி மேபல் அன்ரியோடு கோட்டைமுனை வீட்டுக்கே திரும்பினார். பத்து வருடத்தின் பின் அவருடைய இடத்துக்கு நான் வந்தேன்.

அந்த வீட்டுப் பின்வளவில் அவர் கட்டிய போத்தல் அறையைப் பற்றி ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் தெரியும். குளிர்நாட்டில் நிலத்துக்குக் கீழே அறை தோண்டி பியரை வருடக்கணக்கில் வைப்பார்கள். வாவிக்கரையில் இரண்டு அடி தோண்டினால் தண்ணீர் வரும். அதனால் அவர் ஒன்றரை அடி மட்டும் இறக்கி, இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, இரண்டு சுவருக்கும் நடுவே கிரான் ஊரிலிருந்து ஏற்றி வந்த உமியை நிரப்பினார். கொங்கிரீட் கூரைக்கு மேல் தென்னங்கிடுகு வேய்ந்தார். வெளியே பங்குனி வெயிலில் தார் உருகும்போதும் உள்ளே போனால் முதுகில் ஈரத் துணி போட்டதுபோல் இருக்கும். எங்கள் கடும் ஸ்டவுட்டை ஒவ்வொரு வருடமும் இரண்டு பெட்டி வாங்கி, அலுமினியத் தகட்டில் வருடத்தை ஆணியால் கீறிக் கழுத்தில் கட்டி, நிமிர்த்தி அடுக்குவார். காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். ஒரு மாரியில் வாவி பெருகி அறைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்த பின் கீழ்த்தட்டுப் போத்தல்களைக் கழுவித் துடைத்துத் திரும்ப அடுக்கினார்.

நான் ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, பழக்கி எடுத்த ஸ்டவுட் ஒன்றைச் சந்தைக்கு விட வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்தது. எத்தனை வருடம் பழக்குவது? ஆய்வுகூடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் மாதிரி வைப்பதில்லை. வருடவாரியாகப் போத்தல் இருந்த ஒரே இடம் சேருடைய வளவு. சேர் சுவைத்து முடிவு எழுத வேண்டும், நான் துணையாகப் போய் அறிக்கையைத் தயாரிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவர் சொல்லும் வருடக் கணக்குக்கு ஏற்பத்தான் களஞ்சியம் கட்டுவார்கள். பிழையான வருடத்தைச் சொன்னால் கட்டியதும் பழுது, உள்ளே அடைத்ததும் பழுது.

நான் பழுகாமத்தில் தங்கிக்கொண்டு தினமும் பட்டிருப்புப் பாலம் தாண்டி பஸ்ஸில் போனேன். சேர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்து மூன்று கிழமை படுத்திருந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தால் மெலிந்திருந்தார். ஆனால் சட்டைப்பையில் பென்சில் இரண்டும் இருந்தன.

ஒழுங்கு பழைய ஒழுங்குதான். போத்தலை முதல்நாளே குளிரூட்டி, சுவைக்க ஒரு மணி நேரம் முன் வெளியே எடுப்போம். மண்டி கலங்காமல் ஒரே சாய்வில் ஊற்றுவோம். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி இருந்து, பேசாமல், தனித்தனித் தாளில் எழுதுவோம். நடுவில் வெந்நீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். எழுதி முடித்த பிறகுதான் தாளை மாற்றிப் பார்ப்போம்.

முதல்நாள் ஒன்று, இரண்டு, மூன்று வருடப் போத்தல்கள். இரண்டாம் வருடத்துக்கு வரும்போது பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தார்கள். யன்னலால் குப்பென்று வந்தது. சேர் எழும்புவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கிளாசை மூக்கடியில் வைத்தபடி எழுதிக்கொண்டிருந்தார். நானே எழும்பி யன்னலைச் சாத்தினேன். வயது அவரைப் பொறுமைசாலி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன். தாள்களை மாற்றிப் பார்த்தபோது இருவரும் ஏறத்தாழ ஒன்றையே எழுதியிருந்தோம்.

இரண்டாம்நாள் நான்காம் வருடமும் நன்றாகப் போனது. பிறகு ஐந்தாம் வருடத்தைத் திறந்தேன். மூடி கழன்ற உடனேயே புழுங்கிய சாக்கு மணம் முகத்தில் அடித்தது. வெள்ளத்தில் நின்ற கீழ்த்தட்டுப் போத்தல்கள் அவை. மூடிக்கு அடியில் பூஞ்சணம் பிடித்து, அந்த மணம் உள்ளே இறங்கியிருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான். தாளில் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

சேருடைய தாள் வந்தது. ‘முந்திரிகை வத்தல். பனங்கட்டி. மிகத் திறம். ஐந்து வருடத்தைப் பரிந்துரைக்கலாம்.’

முதல்நாள் தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் எழுதியிருந்ததெல்லாம் சரி. ஏனென்றால் அவை அவருடைய பழைய கொப்பிகளில் இருந்தவை. அந்தக் கொப்பிகளை நான் மனப்பாடமாக அறிவேன். நாக்குச் சொல்லும் கசப்பையும் இனிப்பையும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்.

“சேர், இந்தப் போத்தல் பழுது.”

“என்ன பழுது?”

“புழுங்கின சாக்கு மணக்குது.”

அவர் கிளாசை எடுத்தார். மூக்கை உள்ளே விட்டார்.

“இல்ல பிள்ளை. ஒனக்குக் களைச்சுப் போச்சு. பிஸ்கட்டச் சாப்பிட்டுட்டு மறுகாப் பாரு.”

பிஸ்கட்டைக் கடித்து, வெந்நீர் குடித்து, மறுபடி மணந்தேன். “மணக்குது சேர். நல்லா மணக்குது.”

“நான் எழுதினதப் பாத்துத்தான் நீ எழுதப் படிச்சாய்.” குரல் உயர்ந்தது. இத்தனை வருடத்தில் அவர் என்னோடு குரல் உயர்த்தியது அன்றுதான். “இப்ப எனக்கு நீ சாக்கு மணத்தச் சொல்லித் தாறாய், என்ன?”

“ஓம் சேர்,” என்றேன். “நீங்க பழக்கின மூக்குத்தான் சொல்லுது.”

அவர் எழும்பி வளவுக்குள் போய்விட்டார். மேபல் அன்ரி அடுப்படி வாசலில் நின்றிருந்தா. எல்லாம் கேட்டிருக்கிறது. “போன கிழமை பால் அடிப்பிடிச்சு வீடு முழுக்கப் புகை, பிள்ளை. அவர் பக்கத்தில இருந்து பேப்பர் வாசிக்கிறார்,” என்று மெதுவாகச் சொன்னா. “காய்ச்சலுக்குப் பிறகு இப்பிடித்தான். கேட்டா, எல்லாம் வந்துட்டு எண்டுறார்.”

அன்று வீட்டுக்குப் போயும் அதையே யோசித்தேன். அவருடைய தாளை அப்படியே அனுப்பினால் பொய் அறிக்கை. என் தாளை மட்டும் அனுப்பினால், என்னை ஆளாக்கிய மனிதரை அவருக்குத் தெரியாமல் தள்ளிவிட்டதாகும். எது நடந்தாலும் அவருடைய முகத்துக்கு நேரேதான் நடக்க வேண்டும் என்ற முடிவோடு காலையில் பஸ் ஏறினேன்.

போனபோது மேசையில் இருபத்துநான்கு கறுப்பு கிளாஸ்கள் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சேர் நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“எனக்கு முக்கோணம் வை,” என்றார்.

“வேணாம் சேர்.”

“ஒனக்கு வெச்சன். முகாமையாளருக்கு வெச்சன். தர கூட்டிற பெடியனுக்கும் வெச்சன். எனக்கு வெக்க என்ன? எட்டுத் தட்டு. மேபல் கொண்டு வரட்டும். நீ வெளிய வராத. ஒன்ட முகம் காட்டிக் குடுத்திரும்.”

எந்த இரண்டை வைப்பது என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். வேறு வேறு வருடத்தை வைத்தால் நாக்கே வித்தியாசம் சொல்லிவிடும். அது அவருக்குச் சலுகை. அவர் சலுகை கேட்கவில்லை. ஐந்தாம் வருடத்திலேயே இன்னும் மூன்று போத்தல் திறந்தேன். ஒன்றில் சாக்கு மணம் கடுமையாக இருந்தது. ஒன்று சுத்தமாக இருந்தது. நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் மணத்தில். அந்த இரண்டையும் ஊற்றினேன். எந்தக் கிளாசில் எது என்று திறவுத்தாளில் எழுதி மடித்தேன்.

மேபல் அன்ரி ஒவ்வொரு தட்டாகக் கொண்டுபோனா. அடுப்படியில் இருந்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கிளாஸ் மேசையில் படும் சத்தம், மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம், மறுபடி கிளாஸ் படும் சத்தம். ஒரு தட்டையும் அவர் அவசரப்படுத்தவில்லை. எட்டுத் தட்டும் முடிய ஒன்றரை மணி நேரம் எடுத்தது. என் வாழ்நாளில் இப்படிக் கவனமாக ஒருவர் சோதனை எழுதி நான் பார்த்ததில்லை.

கூப்பிட்டார். போய் நின்றேன்.

“எத்தின?”

திறவுத்தாளை நீட்டினேன். தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பென்சில் முனையால் தொட்டுக்கொண்டு போனார். பிறகு தாளின் அடியில் எழுதினார். அதைத்தான் தர்சிகா கோப்பில் கண்டாள்: ‘எட்டில் இரண்டு. கண்ணை மூடிச் சொன்னாலும் இதைவிடக் கூட வரும். மணம் பற்றி நான் எழுதிய முடிவுகளை ஏற்க வேண்டாம். குழுத் தலைவியின் முடிவுகளை மட்டும் ஏற்கவும்.’ கையெழுத்திட்டார்.

மேபல் அன்ரி அவருடைய தோளில் கை வைத்தா. நான் அழுதுவிட்டேன்.

“என்னத்துக்கு அழுறாய்?” என்றார். “சோதனை சரியாத்தானே நடந்த? அழாத, மூக்கடைக்கும். ஒனக்கு இன்னும் வேல கிடக்கு.”

அன்று பின்னேரமும் அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொரு வருடத்திலும் புதிதாக இரண்டு போத்தல் திறந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தனியாகச் சுவைத்தேன். மூன்றாம் வருடத்தில் வறுத்த வாசமும் பழ வாசமும் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றன. நான்காம் வருடமும் குடிக்கலாம். ஆனால் பியரின் அடர்த்தி குறையத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் வருடத்தில் பழுதில்லாத போத்தல்கூட வெளிறிப்போய் இருந்தது. மூன்று வருடம் என்று எழுதினேன்.

அறிக்கை போன நாலாம்நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். “மிஸிஸ் புவனேஸ்வரி, முடிவு நல்லது. ஆனால் வின்சன்ட்டின் பெயர்தான் சந்தைக்கு நல்லது. அவர் சுவைத்துத் தெரிவுசெய்தார் என்று போடுவோம். அந்தத் தனித்தாளை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.”

“அந்தத் தாளோடு சேர்ந்ததுதான் அறிக்கை சேர்,” என்றேன். “அதை எடுத்தால் என் கையெழுத்தையும் எடுத்துவிடுங்கள்.”

“உங்களுக்கு ஓய்வுபெற இன்னும் சில மாதம்தானே இருக்கிறது?” என்றார்.

“ஓம் சேர். அதுவரைக்கும் குழுத் தலைவி நான்தான்.”

அவர் பிறகு அழைக்கவில்லை. தாள் கோப்பில் இருந்தது. மூன்று வருடம் என்று கணக்கெடுத்துக் களஞ்சியம் கட்டினார்கள். அதைச் சேரிடம் சொன்னபோது மேபல் அன்ரியிடம் எனக்கு இன்னொரு துண்டு கேக் வைக்கச் சொன்னார்.

ஓய்வுபெற்றுப் பழுகாமம் வந்த பிறகு சனிக்கிழமை காலையில் கோட்டைமுனைக்குப் போவது வழக்கமாயிற்று. அறையில் எஞ்சிய போத்தல்களை வீணாக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் சுவைத்துப் பதிய வேண்டும் என்பது சேருடைய கட்டளை. நான் சொல்ல அவர் எழுதுவார். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு மூன்று கிழமையில் அது போய்விட்டது. நான் ஒரு சொல்லைச் சோம்பேறித்தனமாகச் சொன்னால் பென்சில் நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே கழுத்துத் தகட்டைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு ஊற்றினேன். எந்த வருடம் என்று சொல்லவில்லை. சேர் ஒரு வாய் குடித்தார்.

“கசப்பு கொஞ்சம் இரிக்கி. இனிப்பு இரிக்கி. மிச்சத்தச் சொல்லு.”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். முதலில் தேன்மெழுகு. பிறகு, எள்ளை வறுத்து இறக்கி ஆறவிட்ட மணம்; சூட்டோடு வருவதல்ல, ஆறிய பின் இருப்பது. அதற்குப் பின்னால் காய்ந்த பேரீச்சம்பழத்தின் தோல், சதையில்லை. கடைசியில், பூட்டிக் கிடந்த மர அலுமாரியைத் திறந்தால் வருவதுபோல் ஒன்று, மெல்லிசாக.

பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“எனக்கு ஒண்டும் மணக்கல்ல பிள்ளை,” என்றார். “ஆனா நீ சொல்லிறதப் பாத்தா இது வெள்ளத்துக்கு அடுத்த வருசம் அடைச்சது. மேல்தட்டு. சுவரோரமா இருந்தது.”

மேல்தட்டில் சுவரோரத்திலிருந்துதான் எடுத்திருந்தேன். துணியை அவிழ்த்தேன். தகட்டில் அந்த வருடம்தான் கீறியிருந்தது. போத்தலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் தகட்டைப் பார்க்கவில்லை. முனை மழுங்கிய பென்சிலை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மற்றதை எடுத்து, நான் சொன்ன நாலு வரிக்கும் கீழே என்னுடைய பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.